வீட்டில் பிரஷர் பார்ப்பது: பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய ஐந்து நிமிடம்

போன வருடம் அப்பாவை வழக்கமான பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். மருத்துவர் அறை இரண்டாவது மாடியில். லிஃப்ட் அன்றைக்கு ஓடவில்லை. எழுபத்திரண்டு வயது மனிதர் படியேறி, டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் காத்திருந்து, பெயரைக் கூப்பிட்டதும் பதறி எழுந்து உள்ளே போனார். உட்கார்ந்த கையோடு, முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களாய்யா?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்தினார்கள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் எண் வந்துவிட்டது: 168/94. மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். ஒரு வாரம் வீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறோம், அதற்கப்புறம் முடிவெடுக்கலாமா என்று கேட்டேன். மருத்துவர் சம்மதித்தார்.

அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதையும், அப்புறம் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். மெஷின் அந்த நிமிடத்து பிரஷரைத்தான் காட்டும். மருத்துவருக்குத் தெரிய வேண்டியதோ, ஆற அமர இருக்கும்போது உடம்பில் வழக்கமாக ஓடும் பிரஷர். இந்த இரண்டும் ஒன்றாக வர வேண்டுமானால், பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

மேலே ஒரு எண், கீழே ஒரு எண்

அடிபம்பில் தண்ணீர் அடித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர் பாய்ந்து வரும். தூக்கினால் நின்றுவிடும். இதயமும் அப்படித்தான் அழுத்தி அழுத்தி விடுகிறது. ஆனால் இரத்தக்குழாய் இரும்புக் குழாய் போல விறைப்பாக இல்லை. இதயம் அழுத்தும்போது குழாயின் சுவர் கொஞ்சம் விரிந்துகொடுக்கிறது, இதயம் ஓய்வெடுக்கும் இடைவெளியில் சுருங்கி இரத்தத்தை மேலும் தள்ளுகிறது. அதனால் இரண்டு துடிப்புக்கு நடுவிலும் குழாய்க்குள் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கிறது.

இதயம் அழுத்தும்போது எட்டும் உச்சம்தான் மேல் எண். மருத்துவர்கள் இதை சிஸ்டாலிக் என்பார்கள். அடுத்த துடிப்புக்கு முன்னால் இறங்கி நிற்கும் அளவு கீழ் எண், அதாவது டயஸ்டாலிக். மெஷினில் மூன்றாவதாக வருவது நிமிடத்துக்கு எத்தனை நாடித்துடிப்பு என்ற கணக்கு. அதைப் பிரஷரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வயதாக ஆகக் குழாய்களின் நெகிழ்வு குறையும். வயதானவர்களுக்கு மேல் எண் ஏறி, கீழ் எண் அப்படியே இருப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். "கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது" என்று மேல் எண்ணை விட்டுவிடக் கூடாது.

120 என்கிறோமே, எது 120? பாதரசம் 120 மில்லிமீட்டர் உயரம் ஏறும் அளவுக்கு அழுத்தம் என்று அர்த்தம். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்திப் பார்த்தார். இரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறியது. அதை 1733-இல் புத்தகமாக வெளியிட்டார். எட்டடிக் குழாயை யார் மேசைமேல் வைத்துக்கொள்வது? பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம். அதனால் அதே அழுத்தத்தைச் சின்னக் குழாயில் அளந்துவிடலாம். 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தண்ணீராக மாற்றினால் ஏறத்தாழ 160 சென்டிமீட்டர், ஓர் ஆள் உயரம் வரும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கையை எங்கே வைப்பது என்று பேசும்போது உதவும்.

மெஷினுக்குக் காது கிடையாது

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளக்கும் முறையை 1896-இல் இத்தாலியில் ரிவா ரோச்சி கொண்டுவந்தார். பட்டை இறுகினால் தமனி நசுங்கி இரத்த ஓட்டம் நின்றுவிடும். காற்றை மெல்ல விட்டால் ஓரிடத்தில் இரத்தம் நசுங்கிய குழாயைத் தள்ளிக்கொண்டு பீறிடும். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பீறிடும்போது 'டப் டப்' என்று சத்தம் வருகிறது, காற்று இன்னும் இறங்கியதும் சத்தம் அடங்கிவிடுகிறது. சத்தம் தொடங்கும் இடம் மேல் எண், அடங்கும் இடம் கீழ் எண். நம் சிறு வயதில் டாக்டர்கள் பந்தைப் பிதுக்கி, பாதரசத்தைப் பார்த்தபடி காதில் மாட்டிக் கேட்டது இதைத்தான்.

வீட்டு மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. காற்று இறங்கும்போது தமனியின் ஒவ்வொரு துடிப்பும் பட்டைக்குள் இருக்கும் காற்றை லேசாக அதிர வைக்கிறது. அந்த அதிர்வு எங்கே கூடுகிறது, எங்கே உச்சத்துக்குப் போகிறது, எங்கே குறைகிறது என்று பார்த்து, ஒரு கணக்கு போட்டு இரண்டு எண்களையும் தருகிறது. அதனால்தான் கையை அசைத்தால் தவறுகிறது. நீங்கள் விரலை மடக்கினாலும், கை நடுங்கினாலும், பேரன் வந்து மடியில் விழுந்தாலும் அதுவும் அதிர்வுதான். எது நாடி, எது நாற்காலி ஆட்டம் என்று மெஷினுக்குத் தெரியாமல் போகும். கணக்கு போடும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்து வீட்டு மெஷினில் நான்கைந்து எண் வித்தியாசமாக வந்தால் கலங்க வேண்டாம். ஒரே மெஷினில் தொடர்ந்து பார்ப்பதுதான் முக்கியம்.

இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கும் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தடுமாறும். அவர்கள் எப்படிப் பார்ப்பது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த மெஷின், எந்தப் பட்டை

மேல்கையில் சுற்றும் தானியங்கி மெஷினை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது கையாளச் சுலபம், ஆனால் கையின் நிலை கொஞ்சம் மாறினாலும் எண் மாறிவிடும். விரலில் மாட்டுவதை நம்ப வேண்டாம். வாங்குவதற்கு முன் அந்த மாடல் முறைப்படி சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஸ்ட்ரைட் பிபி என்ற அமைப்பின் இணையதளத்தில் சோதனையில் தேறிய மாடல்களின் பட்டியல் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கென்று வாங்கினால், கர்ப்ப காலத்துக்கும் சோதிக்கப்பட்ட மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கடையில் மெஷினைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்போம், பட்டையைப் பற்றிக் கேட்க மாட்டோம். ரிவா ரோச்சியின் பட்டை மிகக் குறுகலாக இருந்ததால் எண் கூடுதலாக வருகிறது என்று 1901-லேயே ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டுபிடித்துப் பட்டையை அகலமாக்கினார். நூற்றிருபது வருடம் கழித்தும் நம் வீடுகளில் அதே தவறு நடக்கிறது. கை பருமனாக இருந்து பட்டை சின்னதாக இருந்தால், இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். 2023-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் எண் சராசரியாக 20 வரை கூடிவிட்டது. இருபது என்பது ஒருவரைத் தேவையில்லாமல் மாத்திரைக்குள் தள்ளிவிடும் வித்தியாசம். கை மிக மெலிந்தவர்களுக்குப் பெரிய பட்டை போட்டால் எண் குறைவாக வரும்.

வீட்டில் தையல் டேப் இருந்தால் எடுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் சரிபாதியில் கையின் சுற்றளவை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பட்டையின் மேலேயே எத்தனை சென்டிமீட்டர் முதல் எத்தனை வரை என்று அச்சிட்டிருப்பார்கள். பல மெஷின்களோடு வருவது 22 முதல் 32 வரைக்கானது. உங்கள் அளவு 34 என்றால் பெரிய பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

உட்காரும் விதம்

இனிமேல்தான் விஷயமே. அம்மா வீட்டில் பிரஷர் பார்த்த விதத்தை அந்த வாரம்தான் பக்கத்தில் இருந்து கவனித்தேன். காலைக் காபி குடித்து முடித்த டம்ளர் பக்கத்தில். தரையில் சம்மணம். கை தொடைமேல். இறுக்கமான ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டி விட்டு, அதற்குக் கீழே பட்டை. பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போதே, "பால்காரருக்குப் போன மாசம் நாலு நாள் கழிக்கணும், சொல்லிட்டியா?" என்று என்னிடம் கேள்வி. 152/90 வந்தது. எந்தத் தவறு எத்தனை எண்ணைக் கூட்டியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே இருந்த ஒவ்வொன்றும் பிரஷரை ஏற்றிக் காட்டக்கூடியதுதான்.

காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எதுவானாலும் முடிந்து குறைந்தது அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் பிரஷர் ஏறும், போய்விட்டு வாருங்கள். முதுகு சாய்கிற நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள், சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி போதும். இரண்டு பாதமும் தரையில் படிந்திருக்க வேண்டும். கால்மேல் கால் போட்டாலும் சம்மணம் போட்டாலும் மேல் எண் ஏறும். குள்ளமானவர்களுக்குக் கால் தொங்கினால் பாதத்துக்கு அடியில் ஒரு மணைப்பலகையைப் போடுங்கள்.

கையை ஏன் மார்பு உயரத்தில் வைக்கச் சொல்கிறார்கள் என்பதற்கு அந்தப் பாதரசக் கணக்குதான் பதில். இரத்தம் ஏறக்குறையத் தண்ணீரின் கனம். இதய மட்டத்தைவிடப் பட்டை 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால், அந்த 10 சென்டிமீட்டர் இரத்தத்தின் எடையும் சேர்ந்து அழுத்தும். பாதரசத்தில் அது 7 அல்லது 8 மில்லிமீட்டர். அதாவது கையை மடியில் வைத்தாலோ பக்கவாட்டில் தொங்கவிட்டாலோ, உடம்பில் எந்த மாற்றமும் இல்லாமலே எண் கூடுகிறது. கையை மேலே தூக்கினால் குறையும். கையை நீங்களே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் தசை இறுகி, அதனாலும் ஏறும். சாப்பாட்டு மேசை உயரமாக இருந்தால் கையை அப்படியே வைக்கலாம். இல்லையென்றால் ஒரு ஸ்டூலில் இரண்டு தலையணையோ மடித்த போர்வையோ வைத்து, பட்டையின் நடுப்பகுதி மார்புக்கூட்டின் நடு உயரத்துக்கு வரும்படி சரிசெய்யுங்கள். உள்ளங்கை மேலே பார்த்து, விரல்கள் தளர்ந்து கிடக்கட்டும்.

பட்டை வெறும் தோலின்மேல் இருக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டினால் அது கயிறு கட்டியதுபோல் இறுக்கும். கையைச் சட்டையிலிருந்து வெளியே எடுத்துவிடுவதே நல்லது. இறுக்கமான ரவிக்கை போடுகிறவர்கள் காலையில் நைட்டியோடு இருக்கும்போதே பார்த்துவிடலாம். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே, காற்றுக் குழாய் கையின் உட்பக்கம் வரும்படி சுற்றுங்கள். சுற்றிய பிறகு ஒரு விரல் உள்ளே நுழைகிற அளவு இடைவெளி சரி.

அப்புறம் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். போன் பார்ப்பதும் சீரியல் பார்ப்பதும் சும்மா இருப்பதில் சேராது. அளக்கும்போது வாய் பேசக் கூடாது, மற்றவர்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அப்பாவுக்கு இந்த ஐந்து நிமிடம்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது. ஜன்னல் வழியாக முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். மூன்றாவது நாளிலிருந்து பழகிவிட்டது.

எந்தக் கை என்றால், முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, எது கூடுதலாக இருக்கிறதோ அந்தக் கையிலேயே தொடருங்கள். திரும்பத் திரும்பப் பார்த்தும் இரண்டு கைக்கும் மேல் எண்ணில் 10-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இணைப்பு) வைத்த கையில் பார்க்கவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அவர்கள் கதவைத் தட்டும்போது நாம் துணி துவைத்துக்கொண்டிருப்போம். வருகிறவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கறேம்மா, அப்புறம் பாருங்க" என்று தயங்காமல் சொல்லலாம்.

ஏழு நாள் கணக்கு

ஒரு தடவை பார்த்து வந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பிரஷர் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள், காலையிலும் மாலையிலும் பாருங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, மாத்திரைக்கும் பலகாரத்துக்கும் முன்னால். மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை. முதல் முறை பார்ப்பது பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும், இரண்டு முறை வந்ததையும் எழுதுங்கள். நன்றாக வந்ததை மட்டும் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி எழுதினால் மருத்துவர் தவறான வழியில் போக நாமே வழிகாட்டியதுபோல் ஆகிவிடும்.

ஏழாம் நாள் முடிவில், முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாள் எண்களைச் சேர்த்துச் சராசரி எடுங்கள். மேல் எண்களுக்குத் தனி, கீழ் எண்களுக்குத் தனி. அந்தச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மேல், கீழ் இரண்டில் ஒன்று தாண்டினாலும் கணக்குதான். மருத்துவமனையில் பார்க்கும்போது அந்த எல்லை 140/90. வீட்டில் நிதானமாக இருக்கிறோம் என்பதால் எல்லையும் கொஞ்சம் இறங்குகிறது. அமெரிக்காவில் 2017-லிருந்து 130/80 என்றே வைத்திருக்கிறார்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் வேறு இலக்கு சொல்லியிருக்கலாம். உங்கள் இலக்கு என்ன என்று ஒருமுறை கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மருத்துவமனையில் மட்டும் எகிறி, வீட்டில் சாதாரணமாக இருப்பவர்கள் உண்டு. இதற்கு வெள்ளைக் கோட்டு பிரஷர் என்று பெயர். நேர்மாறாக, மருத்துவமனையில் நன்றாக இருந்து வீட்டில் எகிறுகிறவர்களும் உண்டு. அதை மறைந்திருக்கும் பிரஷர் என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பயம். யாருக்கும் தெரியாமலே இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அது வருடக்கணக்கில் பதம் பார்த்துக்கொண்டிருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இருக்க வேண்டும் என்பதில்லை. "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்பதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் நல்ல எண் வருவது மாத்திரை வேலை செய்வதால்தான். கூட்டுவதையும் குறைப்பதையும் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

180/120 என்று வந்தால்? பதற வேண்டாம். பட்டையைக் கழற்றி, சரியாகச் சுற்றி, ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். மறுபடியும் அப்படியே இருந்து வேறு எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் உடனே மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கைகால் பலமிழப்பது, பார்வை மங்குவது, குழப்பம், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 140/90 வந்தாலே மருத்துவமனைக்குத் தெரிவித்தாக வேண்டும். வயதானவர்களுக்கு எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதென்றால், உட்கார்ந்து ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பாருங்கள், பக்கத்தில் ஆள் துணையோடு. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதும் பிரஷர் சம்பந்தப்பட்ட ஆபத்துதான்.

ஏழு நாளும் முடிந்து எல்லாம் அடங்கி இருந்தால், தினமும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, பார்க்கிற பதற்றத்திலேயே ஏற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் கேட்டு அதோடு நிறுத்துங்கள்.

அப்பாவின் நோட்டு என் பழைய பள்ளிக்கூட நாற்பது பக்க நோட்டுதான். தேதி, நேரம், இரண்டு முறை அளந்த எண்கள், நாடி, கடைசியில் ஏதாவது சொல்லும்படி இருந்தால் ஒரு வரி. "இரவு சரியாகத் தூக்கமில்லை." "கல்யாண வீட்டுச் சாப்பாடு." ஆறு நாள் சராசரி 133/79 வந்தது. மாத்திரை கூட்டவில்லை. ஆனால் மருத்துவர் சராசரியோடு நிற்காமல் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தார். வியாழன் மாலையும் வெள்ளி காலையும் 148, 150 என்று இருந்தது. பக்கத்தில் அப்பா கையெழுத்தில் "முட்டி வலிக்கு மாத்திரை" என்று எழுதியிருந்தார். மருத்துவர் அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு, "இது என்ன மாத்திரைங்க ஐயா, யார் கொடுத்தது?" என்று கேட்டார். மெடிக்கலில் தானே கேட்டு வாங்கிய வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றிவிடும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும் என்று விளக்கி, முட்டிக்கு வேறு ஏற்பாடு எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடமாக அப்பா அதை அவ்வப்போது வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.